கடாவின் முதுகில் ஒரு பெயர்

லண்டனில் இருக்கும் பெரிய மனிதர்களுக்குப் பொழுது போகவில்லை என்றால் ஏழைபாழைகளின் மடியில்தான் கைவைப்பார்கள். ஆயிரத்து எண்ணூற்று இருபத்தொன்பதில் அப்படித்தான் வைத்தார்கள். ஐந்து பவுனுக்குக் குறைந்த காகிதப் பணம் ஏப்ரல் ஐந்தாம் தேதி முதல் எங்கும் செல்லாது, அதற்குள் வங்கியில் கொடுத்துத் தங்கமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று சட்டம் வந்தது. ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. வேல்ஸில் ஞாயிற்றுக்கிழமை காசைத் தொடுகிறவன் நேராக நரகத்துக்குத்தான் போவான் என்பதால் சனிக்கிழமையே கடைசி நாள் ஆகிவிட்டது.

ரிட்வென் ஊரில் ஒரு பவுன் காகிதத்தை யாரும் காகிதம் என்று சொன்னதே இல்லை. கடா என்றுதான் சொல்வார்கள். உள்ளூர் வங்கியை ஆரம்பித்த கிழவர் பிரைஸ் அந்தக் காலத்தில் மாடு ஓட்டி லண்டன்வரை நடந்தவர். தன்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் ஆடு தெரியாதவன் ஒருவனும் இல்லை என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒரு பவுன் நோட்டில் வெள்ளைக் கடா ஒன்றை அச்சடித்தார். அரைப் பவுன் நோட்டில் குட்டி. "எட்டுக் கடா கொடுத்து ஒரு கறவை வாங்கினேன்" என்று சந்தையில் பேசுவதைக் கேட்டு, இங்கே இன்னும் பண்டமாற்றுத்தான் நடக்கிறது என்று எழுதிக்கொண்டு போன வெளியூர்ப் பயணிகளும் உண்டு. லண்டன் நோட்டு எப்போதாவது ஊருக்குள் வரும். அதில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அவள் யார் வீட்டுப் பெண், எதற்காக உட்கார்ந்திருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. கடாவைத்தான் நம்பினார்கள்.

நம்பினார்கள் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. கள்ளக் கடாக்களும் ஊருக்குள் திரிந்தன. அதனால் ஒரு வழக்கம் இருந்தது. நோட்டை வாங்குகிறவர், கொடுக்கிறவரின் பெயரையும் இடத்தையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி, நோட்டின் முதுகில் எழுதிக்கொள்வார். தெரிந்தவராக இருந்தாலும் கேட்க வேண்டும். தம்பி அண்ணனிடம் வாங்கினாலும் கேட்க வேண்டும். நோட்டு பொய் என்று பிறகு தெரிந்தால் கொடுத்தவன் வாசலில் போய் நிற்கலாம். அவன் தனக்குக் கொடுத்தவன் வாசலுக்குப் போவான். ஆடுகளின் முதுகில் தார் தொட்டு அடையாளம் போடுகிற ஊரில் இது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

கணவாய்ச் சத்திரத்தில் அந்த வேலையைச் செய்தவள் மாலி. அவள் அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு, பதினெட்டு வயதிலேயே பேனா அவள் கைக்கு வந்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் போகிற மாடோட்டிகள் எல்லோரும் அங்கேதான் தங்குவார்கள். மாடுகளுக்கு லாடம் அடித்து, நாய்களுக்குக் கஞ்சி ஊற்றி, தாங்களும் குடித்துவிட்டுக் காலையில் கிளம்புவார்கள். மாலி மைக்கூட்டோடு மேசைக்குப் பின்னால் நின்று, "பேரு சொல்லுங்க. எந்த இடம்?" என்று ஒரு நீதிபதியைப் போலக் கேட்பாள். குடித்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த முரடர்களெல்லாம் அந்தக் கேள்விக்கு மட்டும் நிமிர்ந்து நின்று பதில் சொல்வார்கள்.

கும்கோச் பண்ணையின் லெவ்சின் அப்படி வந்தவன்தான். மற்றவர்கள் ஒரு குவளை பீருக்குச் செப்புக்காசை எறிவார்கள். இவன் கடாவை எடுத்து நீட்டுவான்.

"யோவ், ஒரு குவளைக்கு ஒரு கடாவா? மீதிக்குச் சத்திரத்தையே வாங்கப் போறியா?" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள்.

"சத்திரம் வேணாம்" என்றான் லெவ்சின். வேண்டியது எது என்று அவன் சொல்லவில்லை. சொல்லாமலேயே கூடம் முழுக்கப் புரிந்துவிட்டது. மாலியின் காது மடல் சிவந்துபோனது.

அவள் எழுதியதை அவன் மேசைமேல் குனிந்து பார்த்தான். அவனுக்கு எழுத்து வாசனையே கிடையாது.

"இதுதானா நான்?"

"ஆமா."

"ரொம்ப ஒல்லியா இருக்கேனே."

அடுத்த முறை அவன் வந்தபோது அவள் பேனாவை அழுத்தி எழுதினாள். முதல் எழுத்துக்கு நீளமாக ஒரு வாலும் போட்டாள். "இப்பத்தான் சாப்பிட்ட ஆளு மாதிரி இருக்கேன்" என்றான் அவன். அந்த வருடம் அறுவடை முடிந்ததும் அவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. கோயில் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் லெவ்சின் ஒரு சிலுவைக் குறிதான் போட்டான். பக்கத்தில் பாதிரியார் அவன் பெயரை இங்கிலீஷ்காரன் பெயர் மாதிரி 'லூயிஸ்' என்று எழுதிவைத்தார். மாலிக்கு அதில் இன்றுவரை மனத்தாங்கல் உண்டு.

போன நவம்பரில் லெவ்சினின் நாய் மட்டும் தனியாக வீட்டுக்கு வந்தது. மாடு விற்ற பிறகு நாய்களை முன்னால் அனுப்பிவிடுவது மாடோட்டிகளின் பழக்கம் என்பதால் மாலி கவலைப்படவில்லை. உலையில் கூடுதலாக இறைச்சி போட்டாள். மூன்று நாள் கழித்து அவன் கூட்டாளிகள் வந்தார்கள். அவன் கைத்தடியை மட்டும் கொண்டுவந்தார்கள். கிழக்கே ஏதோ ஒரு சந்தை ஊரில் காய்ச்சலில் போய்விட்டான், அங்கேயே புதைத்தாயிற்று. அந்த ஊரின் பெயரைக்கூட அவர்களால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

குழந்தை இல்லை. கல்லறை இல்லை. படம் எழுதி வைத்துக்கொள்ள அவர்கள் என்ன பிரபுக்களா? குளிர்காலம் முழுக்க மாலி ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். தன் கையால் அவன் பெயரை எழுதிய நோட்டு எங்கேயாவது ஒன்று இருக்கும். யாராவது ஒருவர் வீட்டு வெண்ணெய்ச் சாடியிலோ மெத்தைக்குள்ளோ இருக்கும். இதை அவள் நினைத்து ஆறுதல்பட்டுக்கொண்டிருக்கும்போதுதான் லண்டன் சட்டம் வந்தது. திரும்பி வருகிற கடா ஒவ்வொன்றையும் வங்கியில் மூலையைக் கிழித்துக் கூடையில் போடுவார்கள், சாயங்காலம் அடுப்பில் எரிப்பார்கள் என்று கேள்விப்பட்டாள். இதுவரை வெளியே வராத கடாக்களெல்லாம் இப்போது வரும். வந்து ஒரேயடியாகப் போய்விடும்.

சனிக்கிழமை காலையில் சத்திரத்தைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள். காலுறை லவ்ரியும் கூட வந்தாள். லவ்ரி நடக்கும்போதும் பின்னுவாள், கோயிலில் பிரசங்கம் நடக்கும்போதும் பின்னுவாள். சவப்பெட்டியில் வைத்து மூடும்போதும் கையில் ஊசி இருக்கும் என்று ஊரில் பேச்சு.

"ஏண்டி மாலி, மை இருக்கு, பேனா இருக்கு, கையும் நல்லாத்தான் இருக்கு. அவன் பேர நூறு தடவ எழுதிச் செவுத்துல ஒட்டிக்க வேண்டியதுதானே? யாரு தடுக்குறா?"

"எழுதிப் பாத்தேன்."

"அப்புறம்?"

"அடுப்புல போட்டுட்டேன். அது நானா எழுதுனது லவ்ரி. அவரு எதுக்க நின்னு, வாயத் தெறந்து பேரச் சொல்லி எழுதுனது இல்ல."

லவ்ரிக்கு அது புரியவில்லை. நாலு வரிசை பின்னிய பிறகு, "சரி வா, தேடுவோம்" என்றாள்.

வங்கி வாசலில் திருவிழாக் கூட்டம். ஈரக் கம்பளி வாடை ஆளைத் தூக்கியது. உள்ளே மேசைக்குப் பின்னால் குமாஸ்தா ஹாப்கின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நோட்டுகளை வாங்கி, மூலையிலிருந்த வங்கிக் கையெழுத்தைக் கிழித்து, மிச்சத்தைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான். மாலி தன்னிடம் இருந்த மூன்று கடாக்களைக் கொடுத்துத் தங்கம் வாங்கிக்கொண்டாள். அவற்றின் முதுகை அவள் வீட்டிலேயே பார்த்தாயிற்று. மூன்றிலும் வேறு மாடோட்டிகள் பெயர்தான்.

"ஹாப்கின் தம்பி, அந்தக் கூடைய ஒரு தடவ பாத்துக்குறேன்பா. எடுக்க மாட்டேன். பேர மட்டும் பாப்பேன்."

"அக்கா, என் பொழப்புல மண்ணள்ளிப் போடாத. கூடைல விழுந்தது பிரைஸ் ஐயாவுக்கே சொந்தமில்ல. வேற யாரும் தொடக் கூடாதுன்னு உத்தரவு."

"நான் எழுதுன எழுத்துப்பா அதுல பாதி."

"எழுத்து உன்னுது. காகிதம் எங்களுது. தள்ளு அக்கா, பின்னால நிக்கிறாங்க."

மாலி தள்ளி நின்றாள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. வாசற்படியில் போய் நின்றுகொண்டு, வரிசையில் வருகிற ஒவ்வொருவரிடமும் கை நீட்டினாள். "உள்ள குடுக்குறதுக்கு முன்னாடி முதுக ஒரு தரம் காட்டேன்."

முதலில் கேலி செய்தார்கள். கணவாய்ச் சத்திரக்காரி வங்கி வாசலில் பிச்சை எடுக்கிறாள் என்றார்கள். கூட்டத்தில் ஒரு கிழவர் மட்டும் தன் நோட்டை நீட்டி, "எனக்குப் படிக்கத் தெரியாது. யாரு பேரு இருக்குன்னு சத்தமாச் சொல்லு, கேப்போம்" என்றார்.

மாலி படித்தாள். "கிட்டோ, பாலத்தடிக் கொல்லன்."

கேலி நின்றுவிட்டது. கிட்டோ செத்துப் பத்து வருடம் இருக்கும். அவன் லாடம் அடித்தால் மாடு லண்டன் போய்த் திரும்பி வந்தாலும் லாடம் கழலாது என்பார்கள். மாடுதான் திரும்பி வராது, அதனால் யாரும் சரிபார்த்ததில்லை. கிழவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கேட்கவே வேண்டாம். எல்லோரும் தங்கள் நோட்டைத் திருப்பிக்கொண்டு அவளைச் சுற்றி நெருக்கினார்கள். ஒரு நோட்டின் முதுகில் மேல்வயல் எலென் வந்தாள். அமெரிக்கா கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம் ரொட்டிமாவு வாங்கிய எலென், இப்போது ஒகையோவில் நான்கு பிள்ளைகளோடு இருப்பதாகக் கேள்வி. மூன்று கோயில்களில் பிரசங்கம் செய்து மூன்றிலும் சண்டை போட்ட மெய்ரிக் வந்தார். ஆற்று வெள்ளத்தில் போன ஆட்டு வியாபாரி வந்தான். ஒவ்வொரு பெயருக்கும் யாராவது ஒருவர் "அட, அவனா!" என்றார். உடனே ஒரு கதை கிளம்பியது. அந்தக் கதையை மறுத்துப் பக்கத்திலிருந்து இன்னொன்று கிளம்பியது. இத்தனை வருடம் மடியில் வைத்துக்கொண்டு திரிந்த காகிதத்தில் இத்தனை பேர் கூடவே வந்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. தெரிந்த கையோடு உள்ளே போய் அதைக் கிழிக்கக் கொடுத்தார்கள். வேறு என்ன செய்ய? ஒரு பவுன் என்பது ஒரு பன்றியின் விலை. ஒரு பெண்மணி மட்டும் தன் அக்காவின் பெயரிருந்த நோட்டைக் கொடுக்க மனமில்லாமல் மூன்று முறை வரிசையின் கடைசிக்குப் போனாள். நான்காவது முறை கண்ணை மூடிக்கொண்டு நீட்டிவிட்டாள்.

"வரிச நகரட்டும்! நாலு மணிக்குக் கதவச் சாத்திடுவேன்!" என்று ஹாப்கின் உள்ளேயிருந்து கத்தினான்.

பாதிக்குப் பாதி மாலியின் எழுத்துத்தான். இருபது வருட எழுத்து. சின்ன வயதில் எழுதிய கோணல் எழுத்து, கல்யாணத்துக்குப் பிறகு எழுதிய அவசர எழுத்து. இருந்தும் லெவ்சின் மட்டும் வரவில்லை. ஒருமுறை 'லெவ்சின்' என்ற பெயரைப் பார்த்து அவள் நோட்டை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். பக்கத்தில் 'தையற்காரன்' என்று இருந்தது.

வரிசை தேய்ந்து கடைசி ஆளுக்கு வந்தது. அது கோதுமை அரைக்கிற ஆலைக்காரன் ஷென்கின்.

ஷென்கினைப் பற்றிச் சொன்னால் ஊருக்கே சிரிப்பு வரும். ஒரு செப்புக்காசை அவனிடமிருந்து வாங்க வேண்டுமென்றால் அதற்கு முன் அவனுக்கு மயக்கம் வர வேண்டும். தவிட்டையும் எடைபோட்டு விற்கிறவன். கல்யாணம் செய்தால் செலவு என்று தனியாகவே இருந்துவிட்டான் என்பார்கள். சின்ன வயதில் அவனும் தினம் மாலை கணவாய்ச் சத்திரத்துக்கு ஏறி வருவான். ஒரு குவளை மோர் வாங்குவான், செப்புக்காசுதான் கொடுப்பான். கடாவை உடைத்துச் சில்லறையாக்க அவனுக்கு மனமே வந்ததில்லை. மாலியின் கல்யாணத்துக்குப் பிறகு மலை ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அதையும் நிறுத்திக்கொண்டான்.

அவன் வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்காமலேயே படி ஏறினான்.

"ஷென்கினு, உன்னுதயும் காட்டேன்யா."

"மாட்டேன்."

"பேரத்தானே பாக்கப் போறேன்? தின்னுடவா போறேன்?"

"என் கடா. என் பை. உனக்கென்ன?"

லவ்ரி ஊசியை நிறுத்தாமலேயே சொன்னாள். "விடுடி. பாத்தாத் தேஞ்சுபோயிடும்னு பயப்படுறான்."

மிச்சமிருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். ஷென்கின் உள்ளே போனான். மாலி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இனி வரப்போகிறவர் யாருமில்லை. கூடை நிறைந்துவிட்டது. லெவ்சின் அந்தக் கூடையிலேயே, அவள் வருவதற்கு முன்னால் வந்து விழுந்தவர்களோடு கிடக்கலாம். இல்லை, என்றைக்கோ லண்டன் பக்கம் போய்க் கிழிந்திருக்கலாம்.

உள்ளே ஹாப்கினின் குரல் கேட்டது.

"குடுய்யா. கைய நீட்டிக்கிட்டே எவ்வளவு நேரம் நிக்கிறது? மணி அடிக்கப்போகுது."

ஹாப்கின் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"ஷென்கின் அண்ணே, சொல்றதக் கேளு. மணி அடிச்சா அது வெறும் காகிதம். அப்புறம் என் கால்ல விழுந்தாலும் ஒரு பவுன் கெடைக்காது."

கோயில் மணி அடித்தது. நான்காவது மணி ஓய்ந்த பிறகு ஷென்கின் வெளியே வந்தான். கோட்டுப் பையில் கை அப்படியே இருந்தது. பின்னால் ஹாப்கின் தலையில் அடித்துக்கொண்டு கதவைச் சாத்தித் தாழ் போட்டான். ஒரு பவுனை வேண்டுமென்றே நழுவவிட்ட ஷென்கினைப் பார்த்து லவ்ரியின் ஊசிகள் நின்றுவிட்டன. அவை அப்படி நின்றதை ஊரில் யாரும் பார்த்ததில்லை. பிறகு அவளுக்கே என்னவோ தோன்றி, "நான் பாலத்துக்கிட்ட நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஷென்கின் மாலிக்குப் பக்கத்தில், ஒரு ஆள் இடைவெளி விட்டுப் படியில் உட்கார்ந்தான். பையிலிருந்து நோட்டை எடுத்துக் கவிழ்த்து அவள் மடியில் வைத்தான்.

*லெவ்சின், கும்கோச்.* அழுத்தி எழுதிய எழுத்து. முதல் எழுத்தின் வால் பாதி முதுகுவரை போயிருந்தது. அதற்குக் கீழே வேறு எந்தப் பெயரும் இல்லை.

மாலி அதைத் தொடவே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். மேசைமேல் குனிந்து நின்ற அவன் நாற்றம், மாடும் புகையும் பீருமான அந்த நாற்றம், அவளுக்கு அப்படியே வந்தது. நவம்பரில் அழாததையும் சேர்த்து அழுதாள். ஷென்கின் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு எப்படி வந்துச்சு?"

"உங்கப்பா கோதுமைக்குக் குடுத்தாரு. அதுமேல அவரு பேர எழுத மனசு வரல."

"அப்பலேருந்தா வெச்சிருக்க? செலவழிக்கவே இல்லையா?"

"நான் கஞ்சன். ஊருக்கே தெரியுமே."

"ஷென்கினு."

அவன் முழங்காலில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினான். "இன்னிக்கி மாத்திடணும்னுதான் வந்தேன். ஒரு பவுனுன்னா சும்மாவா? ராத்திரியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஹாப்கின் நீட்டுன கைல வெக்க முடியல." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "அந்த மொத எழுத்த உன்ன மாதிரி யாரும் எழுதுறதில்ல" என்றான்.

மாலி அவனைத் திரும்பிப் பார்த்தாள். மாவு படிந்த புருவம், தினம் மோர் குடிக்க மலை ஏறி வந்த கால்கள். இத்தனை வருடமும் ஊரோடு சேர்ந்து தானும் இந்த மனிதனைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. தன் மடியிலிருந்து ஒரு தங்கப் பவுனை எடுத்து நீட்டினாள்.

"போ மாலி. செல்லாத காகிதத்துக்குக் காசு வாங்க நான் என்ன திருடனா? வெச்சுக்கோ. அவன் உன் புருசன்."

எழுந்துகொண்டான். இரண்டு அடி வைத்தான். நின்றான்.

"ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றான், திரும்பாமலேயே.

அது புரிய அவளுக்கு ஒரு கணம் ஆயிற்று. பிறகு எழுந்து போய் வங்கியின் ஜன்னலைத் தட்டினாள்.

"மூடியாச்சு!" என்றான் ஹாப்கின்.

"பணத்துக்குத்தானே மூடுன? மைக்குமா?"

முணுமுணுத்துக்கொண்டே அவன் மைக்கூட்டையும் பேனாவையும் ஜன்னல் வழியாக நீட்டினான். மாலி நோட்டை ஜன்னலின் கல் விளிம்பில் விரித்து, காற்றில் பறக்காமல் இடது கையால் அழுத்திக்கொண்டாள். பேனாவை மையில் தோய்த்தாள். முதுகை நிமிர்த்தி, சத்திரத்து மேசைக்குப் பின்னால் நிற்கிற அதே குரலில் கேட்டாள்.

"பேரு சொல்லுங்க. எந்த இடம்?"

அவள் பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த ஆலைக்காரன், தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன் பெயரைச் சொன்னான்.